அயல் நாயைக் கண்டதும் தமக்குள் கடித்துக்கொள்ளும் வளவு நாய்கள்

கேள்வி: தம்பலகாமத்தில் வயலோடு சேர்ந்த வளவில் மாட்டுப்பட்டியும் அதன் காவலுக்கு இரண்டு கடுவன் நாய்களும் வைத்திருக்கிறேன். மூத்ததற்கு ஆறு வயது, இளையதற்கு இரண்டரை. இளையது குட்டியிலிருந்தே மூத்ததோடு வளர்ந்தது. சில மாதங்களாக மாலையில் அயல் பட்டி நாய்கள் வேலியோரம் போகும்போது இரண்டும் ஓடிப்போய்க் குரைத்துவிட்டு, அடுத்த நொடியே தமக்குள் கடித்துக்கொள்கின்றன. போன கிழமை மூத்ததின் காது கிழிந்துவிட்டது. இளையதை எங்காவது கொண்டுபோய் விட்டுவிடுவதா, படலையடியில் சங்கிலியில் கட்டிவைப்பதா?

பதில்: இரண்டையும் செய்ய வேண்டாம். நாய்களுக்குள் உண்மையான பகை இருந்திருந்தால் அது சோற்றுச் சட்டியடியிலும் படுக்கும் இடத்திலும் முதலில் தெரிந்திருக்கும். உங்கள் கடிதத்தில் சண்டை வேலியோரத்தில், அதுவும் வெளிநாய் வரும் வேளையில் மட்டுமே நடக்கிறது. எட்ட முடியாத நாயின் மேல் எழுந்த கோபம், கம்பி தடுத்துவிடுவதால், பக்கத்தில் உரசிக்கொண்டு நிற்கும் தோழன் மேல் திரும்புகிறது. அந்த நேரத்தில் தான் யாரைக் கடிக்கிறோம் என்று நாய் பார்ப்பதில்லை. இடையில் கை வைத்தால் உங்களையும் கடிக்கும்.

ஆகவே முதல் வேலை வேலியில் இருக்கிறது. அயல் நாய்கள் போகும் பக்கம் முழுவதும், நாயின் தலைக்கு மேலே வரும்படி, ஏறத்தாழ 4 அடி உயரத்துக்குக் கிடுகு கட்டி மறையுங்கள். கிடுகின் அடி நிலத்தைத் தொட வேண்டும். ஒரு சாண் இடைவெளி விட்டாலும் நாய் படுத்துக்கொண்டு அதனூடாகப் பார்க்கும். குச்சவெளிப் பக்கத்து வெங்காயத் தோட்டமொன்றில் இதே தொல்லையைப் பார்த்திருக்கிறேன். அங்கே வேலியின் உட்புறத்தில் நாய்கள் ஓடி ஓடிப் புல் முளைக்காத ஒரு தடமே விழுந்திருந்தது. கிடுகு கட்டிச் சில கிழமைகளில் அந்தத் தடத்தில் மறுபடி புல் தலைகாட்டியது. உங்கள் வேலியடியிலும் அப்படியொரு தடம் இருக்கும். மறைப்பை அங்கிருந்து தொடங்குங்கள்.

இரண்டாவது, அந்த மாலை வேளை. அயல் மாடுகள் திரும்புவதற்கு அரை மணி நேரம் முன்பே ஒன்றைப் பட்டிப் பக்கமும் மற்றதை வீட்டின் பின்புறமும் கொண்டுபோய், தனித்தனிச் சட்டியில் சோறு வையுங்கள். ஒன்றைக் கட்டி மற்றதை அவிழ்த்துவிடுவது ஆபத்தானது, ஏனெனில் கட்டிய நாய் விலகிப்போக வழியில்லாமல் முந்திக் கடிக்கும். படலையடிச் சங்கிலி அதைவிடக் கெடுதல்: தெருவில் போகும் ஒவ்வொரு நாயையும் பார்த்துப் பார்த்து அதன் கோபம் முற்றும்.

பழக்குவதென்றால், ஒரு நேரத்தில் ஒரு நாயை மட்டும் கயிற்றில் பிடித்து, வெளிநாய் கண்ணில் பட்டும் உடல் விறைக்காத தூரத்தில் நிறுத்தி, அது உங்களைத் திரும்பிப் பார்க்கும்போது ஒரு துண்டுக் கருவாடு கொடுங்கள். தூரத்தைக் கிழமைக் கணக்கில் மெல்லக் குறையுங்கள். குரைக்கும் நாயை விட, குரைத்துக்கொண்டிருந்து சட்டென்று வாயை மூடி, வாலை நிமிர்த்தி, கண் இமைக்காமல் நிற்கும் நாயையே கவனிக்க வேண்டும். அதற்குப் பின் கடிதான். அடிக்காதீர்கள். அடி விழும் வலியை நாய் வெளிநாயின் வரவோடு சேர்த்தே நினைவில் வைக்கும், அடுத்த முறை இன்னும் மூர்க்கமாகப் பாயும்.

சண்டை மூண்டுவிட்டால் கழுத்துப்பட்டியைப் பிடிக்காமல், வாளித் தண்ணீரை முகத்தில் வீசுங்கள். அல்லது ஒரு பலகையை இடையில் தள்ளுங்கள். பிரித்தபின் மறுநாள் வரை ஒன்றையொன்று காணாமல் வைத்திருங்கள்.

இளையது இப்போதுதான் முழு வளர்ச்சிக்கு வரும் வயதில் இருக்கிறது. இந்த வயதில் கடுவன்களுக்குள் உரசல் கூடுவது வழக்கம். அயலில் பெட்டை நாய் சூட்டுக்கு வந்திருந்தால் ஏறத்தாழ மூன்று கிழமைக்கு இது இன்னும் கடுமையாகும். கருத்தடை செய்தால் அலைச்சலும் இந்தப் போட்டியும் குறையும், ஆனால் வேலியடியில் பழகிவிட்ட பழக்கம் அதனால் மட்டும் போகாது. மூத்ததற்கு இடுப்பிலோ காதிலோ நோவு இருக்கிறதா என்றும் மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். நோவுள்ள நாய் பொறுமையிழக்கும்.

காதை உப்புநீரால் கழுவி, ஈ மொய்க்காமல் பாருங்கள். கழிவெண்ணெய் பூச வேண்டாம். வேட்டைப்பல் பட்ட இடம் வெளியே சிறு துளையாகத் தெரிந்தாலும் உள்ளே ஆழமாகக் கிழிந்திருக்கும், சில நாளில் சீழ் கட்டும். அதனால் சிறு காயத்தையும் வைத்தியர் பார்க்க வேண்டும். உங்கள் நாயைக் கட்டாக்காலி நாய் கடித்திருந்தால், உங்கள் நாய்க்குத் தடுப்பூசி போட்டிருந்தாலும், உடனே வைத்தியரிடம் சொல்லுங்கள். வருடாந்த விசர்நாய்த் தடுப்பூசியைத் தவறவிடாதீர்கள். வீட்டில் யாரையாவது நாய் கடித்தால், எந்த நாயாக இருந்தாலும், காயத்தை ஓடும் நீரில் சவர்க்காரமிட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே அரச வைத்தியசாலைக்குப் போங்கள்.

இவ்வளவுக்குப் பின்னும் சோற்றடியிலும் படுக்கையிலும் சண்டை தொடருமானால், இளையதை அறிந்த ஒரு பட்டிக்காரரிடம் கொடுங்கள்; சந்தையடியில் விட்டுவிட்டு வராதீர்கள், அது பசியோடு இன்னொருவர் வேலியோரம் அலையும். மூத்ததின் காது ஆறும்வரை இரண்டையும் ஒன்றாக அவிழ்த்துவிட வேண்டாம்.