பழைய பைக், இ20 பெட்ரோல்: வண்டியை மாற்றிவிடலாமா?

கேள்வி: என்னுடையது 2014 மாடல் 125 சிசி பைக். மாதம் 800 கிலோமீட்டர் ஓட்டுவேன். லிட்டருக்கு 52 கொடுத்த வண்டி இப்போது 46-ஐத் தாண்டுவதில்லை. இரண்டு வாரம் நிறுத்திவைத்தால் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறது. எல்லாம் பெட்ரோலில் கலக்கும் எத்தனால் (ஒருவகை ஆல்கஹால்) செய்யும் வேலை, எலெக்ட்ரிக் வாங்கிவிடுங்கள் என்கிறார் மெக்கானிக். வாங்கலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள், மெக்கானிக் சொல்வது பாதிதான் சரி. எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு, அதை 20 சதவீதம் கலந்தால் (இதுதான் இ20) மைலேஜ் குறையத்தான் செய்யும். ஆனால் உங்களுடையது போன்ற பழைய இருசக்கர வண்டிகளுக்கு 3 முதல் 4 சதவீதம் குறையும் என்றுதான் 2021-இல் நிதி ஆயோக் அறிக்கை சொன்னது. உங்கள் கணக்கில் அது 2 கிலோமீட்டர். மீதி 4 எங்கே போனது? ஏர் ஃபில்டர், செயின், டயர் காற்று எல்லாவற்றையும் பாருங்கள்.

ஸ்டார்ட் ஆகாததற்கு எத்தனால் காரணமாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும், அளவு மீறினால் தண்ணீரோடு சேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். கார்புரேட்டர் கிண்ணத்தில் இருப்பதைக் கண்ணாடி பாட்டிலில் வடித்துப் பாருங்கள், கீழே தனியாக ஒரு அடுக்கு தெரிந்தால் விஷயம் அதுதான். பழைய ரப்பர் டியூப், வாஷர்களும் எத்தனாலில் ஊறி உப்பும், வெடிப்பு விடும். அவற்றை மாற்றுங்கள், பெரிய செலவில்லை. ஊருக்குப் போகும்போது டேங்கை நிரப்பி, பெட்ரோல் டேப்பை மூடி, இன்ஜின் தானாக அணையும்வரை ஓடவிட்டு நிறுத்துங்கள்.

எத்தனால் இல்லாத 100 ஆக்டேன் (இன்ஜின் தட்டாமல் தடுக்கும் திறனின் அளவு) பெட்ரோல் சில பங்க்குகளில் கிடைக்கிறது, விலைதான் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. மைலேஜ் குறைவால் உங்களுக்கு மாதம் 200 ரூபாய் போகிறது, அதை மிச்சம்பிடிக்க 750 ரூபாய்க்கு மேல் கொடுப்பீர்களா? (95 ஆக்டேனிலும் எத்தனால் உண்டு, 'பிரீமியம்' என்றதும் ஏமாறாதீர்கள்.) தண்ணீர் ஊற்றி எத்தனாலைப் பிரித்தெடுக்கும் வீடியோக்களைப் பார்த்து வீட்டில் முயற்சி செய்துவிடாதீர்கள். தீப்பிடிக்கும் ஆபத்து ஒரு பக்கம், ஆக்டேன் குறைந்து இன்ஜின் தட்ட ஆரம்பிப்பது இன்னொரு பக்கம்.

எலெக்ட்ரிக் ஸ்கூட்டரில் மாதம் 1,500 ரூபாய் மிச்சமாகும் என்றே வைத்துக்கொள்வோம், ஒரு லட்சம் போட்டு வாங்கினால் அதை எடுக்கவே ஐந்தரை வருடம் ஆகும். 2024-இல் வந்த சிஎன்ஜி (அழுத்திய இயற்கை எரிவாயு) பைக்கும் இருக்கிறது, ஆனால் சிஎன்ஜி பங்க் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் மட்டும் அதை யோசியுங்கள். என்னைக் கேட்டால், இந்த வண்டியே இன்னும் நாலு வருடம் ஓடட்டும்.