கேளுங்கள், சொல்கிறோம்: லேசர் மிரரில் பொத்தல் ஏன்?

கேள்வி: எங்கள் ஆய்வகத்தில் 1064 நானோமீட்டர் என்டி-யாக் லேசர் (கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைத் துடிப்பு துடிப்பாக விடும் வகை) இருக்கிறது. துடிப்புக்கு 250 மில்லிஜூல், 6 நானோசெகண்ட், கற்றை விட்டம் 2 மி.மீ. வகுத்துப் பார்த்தால் சதுர செ.மீ.க்கு 8 ஜூல். மிரர் அதே பரப்புக்கு 10 ஜூல் தாங்கும் என்று அதனோடு வந்த விவரத் தாளில் போட்டிருந்தும் ஒரே வாரத்தில் நடுவில் பொத்தல். ஏன்?
– கல்லூரி மாணவர், காட்பாடி

பதில்: உங்களுக்கு வந்த 8 ஜூல் வெறும் சராசரி. கற்றை காஸியன் வடிவமாக (நடுவில் அதிகம், ஓரத்துக்குப் போகப் போகக் குறைவு) இருந்தால் நட்டநடுவில் அதைப் போல இரண்டு மடங்கு, அதாவது 16 ஜூல் விழும். விவரத் தாளை இன்னொரு முறை பாருங்கள். 10 ஜூலுக்குப் பக்கத்திலேயே துடிப்பு நேரமும் போட்டிருப்பார்கள், பெரும்பாலும் 10 நானோசெகண்ட். துடிப்பு குறுகக் குறுக, ஏறக்குறைய அதன் வர்க்கமூலக் கணக்கில் தாங்கும் அளவும் இறங்கும். 6 நானோசெகண்டுக்கு 7.7 ஜூல்தான். மிரருக்கு முன்னால் பீம் எக்ஸ்பாண்டர் (கற்றையை அகலமாக்கும் லென்ஸ் அமைப்பு) வைத்து விட்டத்தை 4 மி.மீ. ஆக்குங்கள். நடுவில் விழுவது 4 ஜூலாகிவிடும். தாங்கும் 7.7-க்கும் விழும் 4-க்கும் நடுவே இந்த அளவு இடைவெளி கட்டாயம் வேண்டும்.

தூசியையும் விடாதீர்கள். ஒரு துகள் துடிப்பை உறிஞ்சிப் பிளாஸ்மாவாக (கொதிக்கும் மின்னூட்ட வாயுவாக) வெடித்தால் அடியில் இருக்கும் மிரர் பூச்சு பெயர்ந்துவிடும். வேலூர் வெயிலுக்கு ஜன்னலைத் திறந்து, ஃபேனை ஓடவிட்ட அறையில் மிரரைத் திறந்து வைக்கவே கூடாது. ரப்பர் பல்பால் ஊதுங்கள். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். பிறகு கையுறையோடு புது லென்ஸ் டிஷ்யூவை விரித்து, ஒரு சொட்டு மெத்தனால் விட்டு, ஒரே இழுப்பு. அந்த டிஷ்யூவை உடனே எறிந்துவிடுங்கள். திரும்ப இழுத்தால், அதில் ஒட்டிய மண்ணே மிரரைக் கீறும்.

பொத்தல் விழுந்த மிரரை மாற்றிவிடுங்கள். அதில் சிதறும் ஒளி கண்ணுக்கு ஆபத்து. தெறிக்கும் துணுக்கு அடுத்த லென்ஸையும் கெடுக்கும்.

கேள்வி: இந்த 10 ஜூலை எப்படிச் சோதித்துச் சொல்கிறார்கள்?
– வாசகர், ராணிப்பேட்டை

பதில்: ஐ.எஸ்.ஓ. 21254 என்ற தரமுறைப்படி. ஒரு இடத்தில் ஒரே துடிப்பு. ஒவ்வொரு ஆற்றல் அளவுக்கும் குறைந்தது 10 இடங்கள். நொமார்ஸ்கி மைக்ராஸ்கோப்பில் (மேற்பரப்பின் நுண்ணிய மேடுபள்ளத்தைக் காட்டுவது) பார்த்து, ஒவ்வொரு ஆற்றலிலும் எத்தனை இடம் கெட்டது என்று எண்ணி, வரைபடத்தில் கோடிழுப்பார்கள். கெட்ட இடம் பூஜ்யம் என்று அந்தக் கோடு காட்டும் ஆற்றலே வரம்பு. ஒரே இடத்தில் பல துடிப்பு விட்டும் சோதிப்பதுண்டு; தினசரி ஓடும் லேசருக்கு அந்த எண்ணைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

பல துடிப்பு ஏன் முக்கியம் என்பதற்கு ஓர் உதாரணம்: அமெரிக்காவில் லிவர்மோரில் 192 கற்றைகள் கொண்ட, அணு இணைவு ஆய்வுக்கான என்.ஐ.எஃப். லேசரில் கற்றை கடைசியில் 351 நானோமீட்டர் புறஊதாவாக மாறுகிறது. அங்கே சிலிக்கா லென்ஸில் விழும் சிறு குழி அடுத்தடுத்த துடிப்பில் பெருகிக்கொண்டே போகும். அதனால் குழி சிறிதாக இருக்கும்போதே லென்ஸைக் கழற்றி, கார்பன் டை ஆக்சைடு லேசரால் அந்த இடத்தை வழவழப்பான கூம்பாக்கித் திரும்ப மாட்டுகிறார்கள்.