எல்லாம் அமைந்தும் மனசு மட்டும் ஏன் ஒட்டவில்லை?

புது நாட்டுக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது, வேலை வீடு எல்லாம் அமைந்துவிட்டது, ஆனாலும் காரணமே இல்லாமல் அழுகை வருகிறது, எனக்கு மட்டும்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. எனக்கும் கிட்டத்தட்ட அந்தக் கட்டத்தில்தான் வந்தது. முதல் இரண்டு மாதம் வங்கிக் கணக்கு, வாடகை ஒப்பந்தம், விசாக் காகிதம் என்று அலைச்சலிலேயே ஓடிவிட்டது, அழ நேரமில்லை. எல்லாம் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மா உட்கார்ந்தேன், அழுகை பிடித்துக்கொண்டது.

'கல்ச்சர் ஷாக்', அதாவது பண்பாட்டு அதிர்ச்சி, என்ற பேச்சைப் பரப்பிய மானுடவியலாளர் கலெர்வோ ஓபெர்க், 1954-இல் ரியோ டி ஜெனிரோவில் பேசும்போது சொன்னது இதுதான்: எப்போது கைகுலுக்குவது, எந்தப் பேச்சை நிஜமாக எடுத்துக்கொள்வது மாதிரியான பழகிய சின்னச் சின்ன அடையாளங்கள் தொலைவதால்தான் பதற்றம் வருகிறது. சொந்த ஊரில் யோசிக்காமல் செய்ததையெல்லாம் யோசித்துச் செய்தால் சாயங்காலத்துக்குள் ஆள் காலி.

ஆனால் அதைவிட வலித்தது வேறு. தாய்மொழியில் நான் சரியான வாயாடி. இங்கே ஒரு கிண்டலுக்குப் பதில் யோசித்து முடிப்பதற்குள் பேச்சு எங்கோ போயிருக்கும், நான் சிரித்து மட்டும் வைப்பேன். ஒருநாள் ஆபீசில் ஒருவர், "நீங்கள் ரொம்ப அமைதியான ஆள்" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார், பாவம். கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

வீட்டில் கேட்டால் "நல்லா இருக்கேன்" என்றுதான் சொல்லி வந்தேன், ஒவ்வொரு முறை சொன்ன பிறகும் தனிமை கொஞ்சம் கூடியது. அக்காவிடம் மட்டும் ஒருநாள் உண்மையைச் சொன்னேன். "திரும்பி வான்னு சொல்ல மாட்டேன், அழு, கேட்டுக்கிட்டு இருக்கேன்" என்றாள். அது போதுமாக இருந்தது.

முதலில் குஷி, பிறகு சரிவு, அப்புறம் ஏற்றம் என்று யூ வடிவத்தில் கோடு போட்டுக் காட்டுவார்கள், அதை நம்பி நாள் எண்ணாதீர்கள். நியூசிலாந்தில் படித்த ஜப்பானிய மாணவர்களைப் பற்றி 1998-இல் வெளிவந்த ஆய்வில் ஆரம்பத்தில்தான் சோர்வு அதிகமாக இருந்தது, கோடு அங்கேயே பொய்த்துவிட்டது. எனக்கோ நல்ல வாரமும் மோசமான வாரமும் மாறி மாறித்தான் வந்தன. ஆனால் தூக்கமும் பசியும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டுப்போனால் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள், நான் தள்ளிப்போட்டுச் சும்மா அவதிப்பட்டேன்.

இப்போது வாரம் இரண்டு நாள் பேட்மிண்டன் ஆடப் போகிறேன். பந்து கோட்டுக்கு வெளியே விழுந்ததா இல்லையா என்று சண்டை போட நாலு வார்த்தை போதும். அங்கே யாரும் என்னை அமைதியான ஆள் என்று சொல்வதில்லை.