முதல் மணியில் ஆறு மீன், பிறகு ஒன்றுமில்லை: கெண்டைப் போட்டியில் இரையை எங்கே, எப்போது போடுவது?

கேள்வி: பர்மிங்ஹாம் அருகே வசிக்கிறேன். வார இறுதிகளில் கட்டண ஏரிகளில் கெண்டை பிடித்துப் பழக்கம் உண்டு. போன மாதம் முதல்முறையாக ஐந்து மணி நேரப் போட்டியில் கலந்துகொண்டேன். விசில் அடித்ததுமே ஃபீடர் (இரையை ஏற்றி வீசும் எடைக்கூண்டு) போடும் தூரம், 11 மீட்டர் நீளக்கோல் எட்டும் இடம், கரையோரம் என மூன்று இடத்திலும் பெல்லட் (மீன் தீவன உருண்டை) போட்டுவிட்டேன். முதல் மணி நேரத்தில் ஃபீடரில் ஆறு மீன். அதன் பிறகு கரையோரத்தில் தக்கை ஓயாமல் ஆடியது. தூக்கினால் வெறும் முள், இல்லையென்றால் வாலில் மாட்டிய மீன். பக்கத்து பெக்கில் (போட்டியாளருக்குக் கரையில் ஒதுக்கும் இடம்) இருந்தவர் கடைசி ஒன்றரை மணி நேரம் கரையோரத்திலேயே பிடித்து என்னைத் தாண்டிப் போய்விட்டார். அடுத்த போட்டி ஜூலையில். எதை மாற்ற வேண்டும்?

பதில்: சாமான் எதையும் புதிதாக வாங்க வேண்டாம். கரையோரத்தில் இரை போட்ட நேரமும், போட்ட இரையும்தான் பிழை.

காலையில் கரையில் ஆள் நடமாட்டம், பெட்டி இறக்கும் சத்தம் எல்லாம் இருக்கும்போது பெரிய கெண்டை காலடிக்கு வராது. அந்த நேரத்தில் கரையோரம் போட்ட பெல்லட்டுக்கு முதலில் வருவது ரோச் போன்ற சின்ன மீன்கள். அவைதான் தக்கையை ஆட்டியிருக்கும். பின்னால் கெண்டை வந்தபோதும் நீங்கள் பெல்லட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவியிருப்பீர்கள். இரை தண்ணீரில் இறங்கும்போதே பிடிக்கக் கெண்டை மேலே எழும்பும். உங்கள் முள்ளோ தரையில் கிடக்கிறது. எழும்பிய மீனின் உடம்பு நரம்பில் உரசினால் தக்கை முங்கும்; அது கடி இல்லை. தூக்கினால் வாலிலோ துடுப்பிலோ முள் ஏறும். முள் நுனியில் ஒற்றைச் செதில் ஒட்டிக்கொண்டு வந்தால் அதற்கு அர்த்தம் இதுதான்: மீன் இருக்கிறது, ஆனால் தரையில் இல்லை.

பத்து மணிக்குத் தொடங்கி மூன்று மணிக்கு முடியும் ஜூலைப் போட்டி என்றால் நேரத்தை இப்படிப் பிரியுங்கள். முதல் ஒன்றரை மணி நேரம் மெத்தட் ஃபீடர், அதாவது ஈர பெல்லட்டை ஃபீடரில் அழுத்தி, முள்ளையும் அதில் புதைத்து வீசுவது. அது நடக்கும்போதே, 11 மீட்டரில் ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை 8 மி.மீ. பெல்லட் மூன்று நான்கு மட்டும் கவணால் அடித்துக்கொண்டே இருங்கள். ஃபீடரில் கடி குறைந்ததும் அங்கே மாறலாம். வெயில் நாளில் மீன் மேல்மட்டத்தில் வரும். இரண்டடி ஆழத்தில் தொடங்கி, கடி எங்கே கிடைக்கிறதோ அதற்கேற்ப ஏற்றி இறக்குங்கள். கரையோரத்துக்கு மதியம் ஒரு மணி வரை ஒரு பருக்கைகூடப் போகக் கூடாது. பொறுமை போவது இங்கேதான். பக்கத்துக்காரர் முன்னதாகவே தொடங்கினாலும் நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு இருங்கள்.

ஃபீடருக்கு 2 மி.மீ. மைக்ரோ பெல்லட் ஒரு லிட்டர் போதும். டப்பாவில் கொட்டி, மூழ்கும்வரை ஏரித் தண்ணீர் ஊற்றி, இரண்டு நிமிடத்தில் முழுக்க வடித்துவிட்டு, அரை மணி நேரம் மூடி வையுங்கள். கையில் அழுத்தினால் உருண்டையாகப் பிடிக்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். பிசினாக ஒட்டினால் தண்ணீர் அதிகம். அந்த உருண்டை அடியில் பிரியாது, முள்ளும் உள்ளேயே கிடக்கும். வீசும்போதே காற்றில் சிதறினால் தண்ணீர் போதவில்லை. கொஞ்சம் தெளித்துப் பிசறுங்கள். முள்நரம்பு 10 செ.மீ., 14ஆம் நம்பர் முள், 8 மி.மீ. வாஃப்டர் (பாதி மிதக்கும் இரை உருண்டை). ரீலின் கிளிப்பில் நரம்பை மாட்டிவைத்தால் ஒவ்வொரு வீச்சும் ஒரே இடத்தில் விழும். ஜூலையில் ஐந்து நிமிடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டாம், எடுத்து மறுபடி வீசுங்கள். கோல் நுனி லேசாகத் துடித்தால் தொடாதீர்கள். வளைந்து இழுத்தால் மட்டும் எடுங்கள். ஃபீடர் நரம்பில் தடையில்லாமல் ஓட வேண்டும். நரம்பு அறுந்தால் மீன் அதைச் சுமந்துகொண்டு திரியக் கூடாது என்பதற்காகவே பல ஏரிகளில் இது விதி.

இனி கரையோரம். ஆழம் பார்க்கும் வேலையை விசிலுக்கு முன்பே முடித்துவிடுங்கள். கரையை ஒட்டியே பக்கவாட்டில் ஐந்து ஆறு மீட்டர் தள்ளி, 45 முதல் 60 செ.மீ. ஆழத்தில், தரை சமமாக இருக்கும் இடம் வேண்டும். ஈயத்தை ஒரு சாண் இப்படி, ஒரு சாண் அப்படி நகர்த்திப் பாருங்கள். தக்கை அதே அளவில் நிற்க வேண்டும். சரிவில் போட்டால் இரை உருண்டு ஆழத்துக்குப் போய்விடும், மீனும் பின்னாலேயே போகும்.

மதியம் ஒரு மணி ஆனதும் 250 மி.லி. கிண்ணம் நிறைய, செத்த மாகட் புழுவும் ஸ்வீட்கார்னும் கலந்து, கோல் முனையில் மாட்டி ஒரே இடத்தில் கவிழ்த்துவிடுங்கள். மாகட் ஒரு லிட்டர், கார்ன் இரண்டு டின் போதும். உயிருள்ள புழு மண்ணுக்குள் ஊர்ந்து மறையும், செத்தது போட்ட இடத்திலேயே கிடக்கும். இருபது நிமிடம் கழித்து இன்னொரு கிண்ணம், அப்புறம்தான் தூண்டில். 14ஆம் நம்பர் முள்ளில் ஆறேழு புழுவைக் கொத்தாகக் குத்துங்கள். சின்ன மீனால் அதை எளிதில் விழுங்க முடியாது. நரம்பு 0.19 மி.மீ., எலாஸ்டிக் (கோலுக்குள் ஓடும் ரப்பர் நாண்) 14 அல்லது 16ஆம் நம்பர். தக்கையை ஆழத்தைவிட இரண்டு விரல் கூட்டி வைத்தால் இரை தரையில் படிந்திருக்கும். தக்கை ஆடுவதற்கெல்லாம் தூக்காதீர்கள், முழுக்க மறைந்து எலாஸ்டிக் இழுபடும்வரை பொறுங்கள். மறுபடி செதில் வந்தால் தூவ வேண்டாம். ஒரு முழுக் கிண்ணத்தை ஒரே தடவையில் இறக்கினால் மீன் தரைக்கு இறங்கும்.

நன்றாகப் பிடித்தவர்களும் தோற்பது கீப்நெட் (பிடித்த மீனைத் தண்ணீரில் வைத்திருக்கும் வலை) கணக்கில். ஒரு வலைக்கு 50 பவுண்டு எடை வரம்பு என்றால், 62 பவுண்டு இருந்தாலும் பெரும்பாலும் 50தான் எழுதுவார்கள். அந்த வலையையே கணக்கில் சேர்க்காத ஏரிகளும் உண்டு. மீன்கள் நசுங்காமல், மூச்சு முட்டாமல் இருக்கத்தான் இந்த வரம்பு, அதனால் அதோடு விளையாடக் கூடாது. கடி வேகமாக வரும்போது எல்லோருமே மீனின் எடையைக் குறைத்துத்தான் மதிப்பிடுவோம். நான்கு பவுண்டு மீன் என்றால் பத்தாவதோடு நிறுத்தி அடுத்த வலைக்கு மாறுங்கள். ஒவ்வொரு மீனுக்கும் அமுக்க ஒரு கிளிக்கர் வாங்கிக்கொள்ளுங்கள். கெண்டையையும் ரோச், பிரீம் போன்றவற்றையும் தனித்தனி வலையில் போடச் சொல்லும் ஏரிகளும் உண்டு.

புறப்படும் முன் அந்த ஏரியின் விதிகளைப் படியுங்கள். எதிர்முள் இல்லாத தூண்டில்முள்தான் அநேகமாக எங்கும். ஏரிக்கடையில் வாங்கிய பெல்லட் மட்டும் என்பதும் பல இடங்களில் உண்டு. தனியார் ஏரியானாலும் ராட் லைசென்ஸ் (தூண்டில் போடுவதற்கான அரசு உரிமம்) கட்டாயம். முடிவு விசில் அடிக்கும்போது மாட்டியிருக்கும் மீனை ஏற்ற எத்தனை நிமிடம் தருவார்கள் என்பது இடத்துக்கு இடம் மாறும், பெக்குக்குச் சீட்டுக் குலுக்கும்போதே கேட்டு வையுங்கள். முடிந்ததும் அவசரப்பட்டு வலையைத் தூக்க வேண்டாம். தராசு உங்கள் பெக்குக்கு வரும்வரை மீன் தண்ணீரிலேயே இருக்கட்டும்.