டிஎன்எஸ்செக் சாவிகளை ஆண்டுதோறும் மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி கேட்டவர் தம் அலுவலகத்தின் .காம் டொமைனுக்கு டிஎன்எஸ்செக் கையொப்பம் (டொமைன் பெயருக்கு ஐபி முகவரி சொல்லும் டிஎன்எஸ் விடைகள் போலியல்ல என்று உறுதிசெய்யும் மின்கையொப்பம்) இட்டு வைத்திருக்கிறார். தணிக்கைக்கு வந்தவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை எல்லாச் சாவிகளையும் மாற்ற வேண்டும் என்று எழுதிச் சென்றுவிட்டார்கள். அது அவசியமா, அவசியமென்றால் எப்படிச் செய்வது என்று கேட்கிறார்.

தேதியை வைத்து மட்டும் கேஎஸ்கே என்ற முதன்மைச் சாவியை மாற்ற வேண்டியதில்லை என்பதே என் கருத்து. ஆனால் என்றைக்காவது மாற்றித்தான் ஆக வேண்டியிருக்கும். அன்றைக்கு எதற்குப் பின் எதைச் செய்வது, இடையில் எத்தனை மணி நேரம் பொறுப்பது என்பது கைவந்திருக்க வேண்டும். டிஎன்எஸ்செக்கால் டொமைன்கள் முடங்கிய நிகழ்வுகளில் நான் அறிந்தவரை ஒன்றில்கூடச் சாவி திருடுபோகவில்லை. அவசரமும், காலாவதியான கையொப்பமும், அடுத்தவர் கேஷில் (தற்காலிகச் சேமிப்பில்) தங்கிவிட்ட பழைய பதிவுமே காரணமாக இருந்தன.

பொதுவாக ஒரு டொமைனுக்கு இரண்டு சாவி இணைகள் இருக்கும். இசட்எஸ்கே அன்றாடப் பதிவுகளில் கையொப்பமிடுகிறது. கேஎஸ்கே பொதுச்சாவிகளின் பட்டியலில் மட்டும் கையொப்பமிடுகிறது. பொதுச்சாவிகள் டிஎன்எஸ்கீ பதிவுகளாக உங்கள் டொமைனிலேயே வெளியாகின்றன. கேஎஸ்கேயின் ஹாஷ் (அதன் சுருக்கக் கைரேகை) மட்டும் டிஎஸ் என்ற பதிவாக மேலே .காமில், டொமைனைப் பதிவு செய்து தந்த ரெஜிஸ்ட்ரார் வழியாக, ஏறுகிறது. சிக்கலுக்கு மூலம் இந்த அமைப்புதான். சாவி உங்கள் வீட்டில் இருக்கிறது, அதற்கான சாட்சியம் மேல்வீட்டில் இருக்கிறது, இரண்டின் நகல்களும் உலகெங்கும் பயனர்களுக்காக டிஎன்எஸ் விடை தேடித் தரும் சேவையகங்களான ரிசால்வர்களின் கேஷில் வெவ்வேறு நேரத்தில் காலாவதியாகின்றன.

சில ஆண்டுகளுக்கு முன்பு நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு .காம் டொமைனின் கேஎஸ்கேயை மாற்றினோம். புதிய டிஎஸ் பதிவை ரெஜிஸ்ட்ராரின் படிவத்தில் ஒட்டினோம், அரை மணி நேரத்தில் அது .காமின் சேவையகங்களில் தெரிந்தது, உடனே பழைய சாவியை எடுத்துவிட்டோம். சற்று நேரத்தில் புகார்கள் வரத் தொடங்கின. கைப்பேசியில் திறக்கிற தளம் அலுவலகக் கணினியில் திறக்கவில்லை என்றார் ஒருவர். மற்றொருவருக்கு அப்படியே நேர்மாறாக இருந்தது. டிஎன்எஸ்ஸைச் சோதிக்கும் டிக் கட்டளையில் கேட்டால் சர்வ்ஃபெயில், அதாவது விடை தர இயலவில்லை, என்று வந்தது. அதே கேள்வியைச் சரிபார்ப்பை நிறுத்தும் சிடி கொடியுடன் கேட்டபோது ஐபி முகவரி ஒழுங்காக வந்தது. இந்த இரண்டு விடைகளையும் அருகருகே பார்த்தால் கோளாறு டிஎன்எஸ்செக்கில்தான் என்று ஐயமின்றிச் சொல்லிவிடலாம். .காமில் டிஎஸ் பதிவின் டிடிஎல் (கேஷில் வைத்திருக்கக்கூடிய நேரம்) 86,400 வினாடி, அதாவது முழுதாக ஒரு நாள். அன்று காலையில் பழைய டிஎஸ்ஸை எடுத்து வைத்துக்கொண்ட ரிசால்வர்கள் அனைத்தும், நாங்கள் நீக்கிவிட்ட சாவியைத்தான் மறுநாள் காலைவரை தேடிக்கொண்டிருந்திருக்கும். முந்தைய இரவின் காப்புப் பிரதியில் சாவிக் கோப்பு இருந்ததால் அதை மீட்டு இரண்டு சாவிகளாலும் கையொப்பமிட்டோம். கோப்பு இல்லாதிருந்தால் அந்த நாள் முழுவதும் காத்திருப்பதைத் தவிர வேறு வழி இருந்திருக்காது.

பெரிய நிறுவனங்களும் இதே இடத்தில் சறுக்கியிருக்கின்றன. 2021 செப்டம்பர் 30 அன்று ஸ்லாக் நிறுவனம் தன் டொமைனுக்கு டிஎன்எஸ்செக் இட்டபோது ஒரு கோளாறு தெரிந்தது, உடனே எல்லாவற்றையும் விலக்கிக்கொண்டது. ஆனால் டிஎஸ் பதிவு கேஷ்களில் தங்கிவிட்டதால், விலக்கியதே பெரிய முடக்கமாக மாறியது. ஆகவே டிஎஸ் மேலே ஏறியபின் எது நடந்தாலும் கையொப்பத்தை மட்டும் நிறுத்தாதீர்கள். முதலில் டிஎஸ்ஸை எடுங்கள், அதன் டிடிஎல் முழுதாகக் கழியட்டும், அதற்குப் பிறகே கையொப்பத்தில் கை வையுங்கள்.

கேஎஸ்கேயை மாற்றும்போது, புதிய சாவியைப் பழையதோடு சேர்த்து வெளியிட்டு, பட்டியலில் இரண்டாலும் கையொப்பமிட்டு, டிஎன்எஸ்கீ பதிவின் டிடிஎல் கழியும்வரை பொறுத்திருந்து, அதன்பின் டிஎஸ்ஸை மாற்றி, பழைய டிஎஸ்ஸின் டிடிஎல் கழிந்த பிறகே பழைய சாவியை நீக்க வேண்டும். .காம் டொமைனுக்கு நான் இந்தக் கடைசிக் கட்டத்தில் இரண்டு முழு நாள் விடுகிறேன். பழைய சாவி கூடுதலாக ஒரு நாள் இருப்பதால் யாருக்கும் கேடில்லை. செக் நாட்டின் .சிஇசட், சுவிட்சர்லாந்தின் .சிஎச் போன்றவற்றில் டொமைனிலேயே நாம் வெளியிடும் சிடிஎஸ் பதிவைப் பார்த்து மேல்மட்டமே டிஎஸ்ஸை மாற்றிக்கொள்கிறது. அங்கே கையால் ஒட்டும் வேலை இல்லை.

தணிக்கையாளரிடம் காட்ட ஒரு சான்று வேண்டுமென்றால் பைண்டு என்ற டிஎன்எஸ் சேவையக மென்பொருளைக் காட்டுங்கள். 9.16 பதிப்பில் வந்த டிஎன்எஸ்செக் பாலிசியின் இயல்புநிலையில் இருப்பது அல்காரிதம் 13 என்ற கையொப்ப முறையிலான ஒற்றைச் சாவி. அதற்கு ஆயுள் வரம்பே இல்லை. ஒரே சாவி இரண்டு வேலைகளையும் பார்க்கும் இந்த முறைதான் சிறிய டொமைனுக்குப் பொருத்தம் என்று நானும் நினைக்கிறேன். சாவி வெளியே கசிந்ததாக ஐயம் எழுந்தாலும், அதைக் கையாண்டவர் வேலையை விட்டுச் சென்றாலும், அல்காரிதத்தையோ டிஎன்எஸ் சேவை தருபவரையோ மாற்றினாலும் சாவியை மாற்றுங்கள். இவை எதுவும் நேராவிட்டாலும், முக்கியமில்லாத ஒரு டொமைனில் ஆண்டுக்கு ஒருமுறை ஒத்திகை பார்த்து, அதன் குறிப்புகளைத் தணிக்கைக் கோப்பில் வையுங்கள். தணிக்கை கேட்பதன் உண்மையான பயன் அதில்தான் இருக்கிறது.

சாவியை வைக்கும் இடத்தைப் பொறுத்தவரை, டிஎன்எஸ்ஸின் உச்சியில், .காம் போன்றவற்றுக்கும் மேலே உள்ள வேர் மண்டலத்தின் ஏற்பாடு எனக்கு எப்போதும் வியப்பளிப்பது. அதன் கேஎஸ்கே கலிபோர்னியாவின் எல் செகுண்டோவிலும் வர்ஜீனியாவின் கல்பெப்பரிலும் உள்ள எச்எஸ்எம் எனும் சாவிப் பாதுகாப்புக் கருவிகளுக்குள் இருக்கிறது. ஒவ்வோர் இடத்துக்கும் ஏழு பொறுப்பாளர்கள், அவர்களில் மூவராவது வந்தால்தான் கையொப்பச் சடங்கு நடக்கும். உங்களுக்கு இவ்வளவு தேவையில்லை. கையொப்பமிடும் சேவையகம் வெளியுலகுக்குத் தெரியாமல் உள்ளே இருக்கட்டும், சாவிக் கோப்பின் குறியாக்கப்பட்ட நகல் வேறோர் இடத்தில் இருக்கட்டும், அதை மீட்கத் தெரிந்தவர்கள் குறைந்தது இருவராவது இருக்கட்டும். அதைவிட அவசியமானது, கையொப்பங்கள் காலாவதியாக ஐந்து நாள் இருக்கும்போதே எச்சரிக்கும் ஒரு கண்காணிப்பு.

வேர்ச் சாவி முதன்முறையாக மாற்றப்பட்டது 2018 அக்டோபர் 11 அன்று. அதற்கு ஓராண்டு முன்பே குறித்திருந்த தேதியை, புதிய சாவி இன்னும் போய்ச் சேராத ரிசால்வர்கள் கணிசமாக இருப்பது தெரிந்ததும் வேர் மண்டலத்தை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பு தள்ளிவைத்தது. தேதியைவிட அடுத்தவர் கேஷின் நிலையே முக்கியம் என்பதற்கு இதைவிட நல்ல முன்மாதிரி எனக்குத் தெரியாது. இப்போது இரண்டாவது மாற்றம் நடந்துகொண்டிருக்கிறது: 38696 என்ற எண்ணுள்ள புதிய சாவி 2025 ஜனவரியில் வேர் மண்டலத்தில் வெளியானது, 2026 அக்டோபர் 11 முதல் கையொப்பமிடுவதாகத் திட்டம். நீங்கள் அலுவலகத்தில் சொந்தமாக ரிசால்வர் நடத்துகிறீர்கள் என்றால், அதன் நம்பிக்கைச் சாவிகளின் பட்டியலில் 2018-இல் பயன்பாட்டுக்கு வந்த சாவியான 20326-உடன் இந்த எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய இமேஜிலிருந்து (நிறுவல் நகலிலிருந்து) நிறுவிய சேவையகங்களில்தான் அது விடுபட்டிருக்க வாய்ப்பு அதிகம்.