முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் பாலூட்டும் அறை: சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டுமா?

கேள்வி: அமெரிக்காவில் முன்னாள் படைவீரர் மருத்துவமனை ஒன்றின் நிர்வாகப் பிரிவில் வேலை பார்க்கிறேன். மனநல ஆலோசனைக்கு வந்த ஒரு தாய், பம்ப் வைத்துப் பால் எடுக்க இடம் கேட்டார். கழிவறையைத்தான் காட்ட முடிந்தது. தனி அறை தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறதா? அறை எப்படி இருக்க வேண்டும்?

பதில்: பொதுமக்கள் வந்துபோகும் கூட்டாட்சி அரசுக் கட்டடங்களில் பாலூட்டும் அறை வேண்டும் என்று 2019-ல் சட்டம் வந்தது. ஆனால் அது எடுத்துக்கொண்ட ‘பொதுக் கட்டடம்’ என்ற வரையறையில் முன்னாள் படைவீரர் துறையின் மருத்துவமனைகள் சேரவில்லை. இந்த ஓட்டையை அடைக்கத் தனி மசோதா கொண்டுவரும் முயற்சியும் நடந்தது. உங்கள் ஊழியர்களுக்கு 2022-ன் பம்ப் சட்டம் துணை நிற்கிறது: குழந்தை பிறந்து ஓராண்டு வரை பால் எடுக்க இடைவேளையும், கழிவறை அல்லாத மறைவான இடமும் தர வேண்டும். அதே கட்டடத்துக்கு நோயாளியாக வரும் தாய் எங்கே போவார்? சட்டம் கட்டாயப்படுத்தாததை நீங்கள் செய்யக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. தாராளமாகச் செய்யுங்கள்.

2019 சட்டம் கேட்பவை கொஞ்சம்தான். சுத்தம், மறைவு, யாரும் உள்ளே வந்துவிடாத ஏற்பாடு, நாற்காலி, பொருள் வைக்க மேசை, மின் இணைப்பு. அதை அடித்தளமாக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் இடத்துக்கு அது மட்டும் போதாது.

காரணம் இதுதான். பதற்றத்தில் இருக்கும் உடம்பில் பால் எளிதில் இறங்காது. எடுக்காமல் விட்டாலோ மார்பில் கட்டிக்கொண்டு வலிக்கும், காய்ச்சல் வரை போகும். படையில் பணியாற்றிய காலத்தில் பாலியல் வன்முறைக்கோ துன்புறுத்தலுக்கோ ஆளானதாக, துறையின் மருத்துவர்கள் கேட்கும்போது ஏறத்தாழ மூன்றில் ஒரு பெண் சொல்கிறார். அப்படிப்பட்டவர் சட்டையைத் தளர்த்தி, கை இரண்டும் பம்பில் இருக்க, முதுகுக்குப் பின்னால் கதவோடு உட்கார முடியுமா? நாற்காலியைச் சுவரை ஒட்டி, கதவைப் பார்த்தபடி போடுங்கள். தாழ்ப்பாள் உள்பக்கம் இருக்கட்டும். கதவுக்கு உட்புறம் ஒரு திரை வேண்டும், திறந்தாலும் ஆள் தெரியக் கூடாது. மாற்றுச் சாவி வைத்திருக்கும் துப்புரவுப் பணியாளர்களிடம், தட்டிப் பதில் வராமல் திறக்கக் கூடாது என்று கட்டாயமாகச் சொல்லி வையுங்கள். சாவியைக் காவலரிடம் கேட்டு வாங்கும் ஏற்பாடு வேண்டவே வேண்டாம். எதற்கு என்று ஒரு ஆணிடம் விளக்க நேரும் என்பதாலேயே பலர் கேட்காமல் போய்விடுவார்கள்.

மின் இணைப்பு நாற்காலிக்குக் கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும். உள்ளேயோ பக்கத்திலோ குழாயோடு கைகழுவும் தொட்டி இருந்தால் பம்பைக் கழுவ உதவும். குளிர்பதனப் பெட்டி இருந்தால் நல்லது, ஆனால் அதற்காக அறையைத் தள்ளிப்போட வேண்டாம். எடுத்த பால் அறை வெப்பத்தில் 4 மணி நேரம் தாங்கும், ஐஸ் பேக் வைத்த பையில் ஒரு நாள் தாங்கும். உள்நோயாளியாகத் தங்கும் தாய்க்குத்தான் பெட்டி அவசியம். அதில் 4 நாள் வரை வைக்கலாம்.

அப்புறம், யாரிடம் பேசுவது? துறையின் ஒவ்வொரு மருத்துவ மையத்திலும் பெண் படைவீரர் திட்ட மேலாளர் ஒருவர் உண்டு. எந்த அறை காலியாக இருக்கிறது என்று பார்த்துவிட்டு, உங்கள் கோரிக்கையை எழுத்து மூலமாக அவரிடம் கொடுங்கள். அறை தயாரானதும் அது எந்த மாடியில் இருக்கிறது என்று சந்திப்பு நினைவூட்டல் கடிதத்திலேயே அச்சிடச் சொல்லுங்கள். அப்போது அந்தத் தாய் வந்து யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.