43.5 கிலோவா, 45 கிலோவா?

கேள்வி: ஹட்டனில் முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பாளராக இருக்கிறேன். 78 வயது அம்மா ஒருவர் போன மாதம் 46 கிலோ. இந்த மாதம் நிறுத்தபோது 43.5, மறுநாள் 45. கையைப் பிடித்தால்தான் நிற்பார். எதைப் பதிவது, டொக்டர்?

பதில்: இரண்டையும் பதியுங்கள். என்ன உடுப்பு, எத்தனை மணி, யார் பிடித்தார் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். இரண்டையும் நம்பாமல் நாளைக் காலை மூன்றாவது தடவை நிறுங்கள்.

என் முதல் சந்தேகம் அந்தக் கையில்தான். உங்கள் கையில் அவர் ஊன்றுகிற பாரம் தராசில் விழாது. பிடிக்காமல் நிற்க முடியாதவருக்கு பாத்ரூம் தராசு சரிவராது. கதிரைத் தராசோ, சக்கர நாற்காலியோடு ஏற்றும் மேடைத் தராசோ வேண்டும். தோட்டத்து மடுவத்தில் தேயிலைக் கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்குக் கழிக்கிற மாதிரி, வெறும் நாற்காலியைத் தனியாக நிறுத்து அந்த நிறையைக் கழித்துவிடுங்கள். கால்மிதி, குஷன், பின்னால் தொங்கும் பை எல்லாம் இரண்டு நிறுவையிலும் ஒன்றாகவே இருக்கட்டும். என்றோ எழுதி ஒட்டிய நாற்காலி நிறையையே கழித்துக்கொண்டிருப்பதுதான் நான் அதிகம் காணும் பிழை.

அடுத்தது குளிர். சுவெட்டர், சால்வை, காலுறை, உள்ளே இன்னொரு சட்டை என்று சேர்ந்தால் ஒரு கிலோவைத் தாண்டிவிடும். வயதானவரைக் குளிரில் கழற்றச் சொல்வது பாவம். நிறுக்கும் நாளுக்கென்று ஒரே உடுப்பை ஒதுக்குங்கள். நேரம், காலைச் சாப்பாட்டுக்கு முன், சிறுநீர் கழித்த பின். நிறைந்த சிறுநீர்ப்பையே அரைக் கிலோ வரும்.

தராசு மட்டமான சீமெந்துத் தரையில் இருக்க வேண்டும், கம்பளத்தில் அல்ல. சோதிக்க, நீங்கள் ஏறி நின்று பாருங்கள். பிறகு 5 லீட்டர் தண்ணீர்ப் போத்தலைத் தூக்கிக்கொண்டு ஏறுங்கள். தராசு காட்டும் நிறை 5 கிலோவுக்குச் சற்று மேலாகக் கூட வேண்டும். (மலை உயரத்தில் நிறை குறையும் என்பார்கள். உண்மைதான், இவருக்கு 20 கிராம் அளவில்!)

இவ்வளவு மெனக்கெடக் காரணம் உண்டு. ஒரு மாதத்தில் 5%, மூன்று மாதத்தில் 7.5%, ஆறு மாதத்தில் 10% குறைந்தால் அது கவனிக்க வேண்டிய மெலிவு. 46 கிலோவில் 5% என்பது 2.3 கிலோ. 43.5 உண்மையென்றால் எல்லை தாண்டிவிட்டது; 45 என்றால் இல்லை. கால்களையும் அழுத்திப் பாருங்கள், வீக்கம் மெலிவை மறைத்துவிடும்.

நாளையும் 44க்குக் கீழே காட்டினால் அடுத்த கிளினிக் வரை காத்திருக்க வேண்டாம். பல், விழுங்குவதில் சிரமம், புதிய மாத்திரைகள், மூன்று நாளில் சாப்பிட்ட அளவு ஆகியவற்றை எழுதிக்கொண்டு வைத்தியரிடம் காட்டுங்கள்.